‘விருப்பமில்லை’ என்று நாங்கள் எழுதிய அக்காவுக்கு

கதவு திறக்கும் முன்பே கனிவால் மனம் திறக்க வைத்த கள ஆய்வாளரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் மாடிப்படி ஏறி இறங்கி, பல்லாயிரம் வீடுகளின் வரவையும் வாட்டத்தையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தவரே! வயது வேறுபாடின்றி எங்கள் அனைவருக்கும் அக்காவாகி, இன்று பணி ஓய்வு பெறுபவரே! வணக்கம்.

குடும்ப வருமான ஆய்வுப் பிரிவில் நீங்கள் நிரப்பிய படிவங்களுக்குத் தனி அழகு உண்டு. ‘வீட்டில் யார் யார் வேலை செய்கிறார்கள்?’ என்ற கேள்விக்கு, “நான் சும்மாதாங்க இருக்கேன்” என்று எந்தப் பெண் சொன்னாலும் நீங்கள் விட்டதில்லை. “சும்மாவா? காலையில எழுந்ததுலேருந்து என்னென்ன செஞ்சீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்பீர்கள். கட்டம் போதாமல் படிவத்தின் பின்பக்கம்வரை எழுத்து ஓடும். கணினிப் பிரிவினர் தலையில் அடித்துக்கொள்வார்கள். நீங்களோ கலங்காமல் அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிடுவீர்கள்.

பல நாடுகளின் குடும்ப வருமானத்தை ஒப்பிட்டு நம் பிரிவு அறிக்கை தயாரித்த ஆண்டை நினைக்கிறோம். ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவர் வீடு செழிக்க, மற்றவர் வீடு சரிவது ஏன் என்று அட்டவணைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். தேநீர்க் கோப்பையோடு வந்த நீங்கள் இயக்குநரிடம் சொன்னீர்கள்: “ஒத்த ஆளா புள்ள வளர்க்கறதால மட்டும் ஒரு வீடு கீழ போயிடாது சார். வேலைக்குப் போற நேரத்துல புள்ளைய எங்க விடறதுன்னு பதில் இல்லாத ஊர்லதான் போகுது.” அட்டவணைகளை மறுபடி அடுக்கிப் பார்த்தோம், நீங்கள் சொன்னபடியே இருந்தது. அதை எழுதிய பத்திக்குத்தான் கருத்தரங்கில் கைதட்டல் கிடைத்தது. அறிக்கையில் உங்கள் பெயர் இல்லை.

அந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்த நாங்கள், பக்கத்து மேசையைப் பார்க்கவில்லை. அதுவே எங்கள் முதல் வருத்தம்.

இன்றைய துணை இயக்குநரும் நீங்களும் ஒரே நாளில், ஒரே தேர்வில், ஒரே பதவியில் சேர்ந்தவர்கள். அவர் நம் கணக்குப் பிரிவு அம்மையாரை மணந்தார். வீட்டில் இரண்டு சம்பளம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியார். உங்கள் கணவரோ மகனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது விபத்தில் மறைந்தார். வீட்டில் ஒரு சம்பளம், இரண்டு பிள்ளைகள், கதவில் ஒரு பூட்டு.

மேற்பார்வையாளர் பதவிக்கு வெளியூரில் மூன்று மாதப் பயிற்சி என்று ஆணை வந்த அன்று, அலுவலகத் தலைவர் அறைக்கு வந்தீர்கள்.

“சார், மூணு மாசத்தையும் சேர்த்து வேணாம். பிரிச்சுப் பிரிச்சுக் குடுங்க. கண்டிப்பா முடிச்சிடுவேன்.”

“எல்லாருக்கும் ஒரே விதிதாம்மா. உங்களுக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க.”

“புள்ளைங்கள யார்கிட்டயாவது விட்டுட்டுப் போங்கக்கா” என்று எங்களில் ஒருவர் ஆலோசனை சொன்னார். “யார்கிட்ட?” என்று கேட்டீர்கள். தலைவர் அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தார்.

நீங்கள் வெளியேறியதும் பணிப்பதிவேட்டில் ‘விருப்பமில்லை’ என்று எழுதப்பட்டது. தலைவர் சொல்ல, எழுதியவன் நான். அன்று எழுத்தராக இருந்து, இன்று கண்காணிப்பாளராக இந்த மடலை வரைபவன். அடுத்த இரண்டு முறை பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோதும் அந்த ஒரு சொல்லைக் காட்டியே உங்களைத் தாண்டிச் சென்றார்கள். துணை இயக்குநரின் மகன் மேற்படிப்புக்கு விமானம் ஏறிய அதே மாதத்தில் உங்கள் மகள் கல்லூரியை விட்டுவிட்டுக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு செய்திக்கும் ஒரே மாதிரி கைகுலுக்கினோம். நினைக்க நினைக்க நெஞ்சு கூசுகிறது.

சென்ற மாதம் ஓய்வூதியத் தாள்களைச் சரிபார்க்கப் பணிப்பதிவேடு உங்கள் கைக்கு வந்தது. அந்தப் பக்கத்தில் விரல் வைத்து, “நான் ஒரு நாளும் வேணாம்னு சொல்லலையே தம்பி” என்றீர்கள். கோபத்தைவிட அந்த வியப்புதான் என்னைச் சுட்டது.

பிழையைத் திருத்தக் கோரி அத்தனை பேரும் கையெழுத்திட்டுத் தலைமையகத்துக்கு எழுதினோம். சொல்லை நீக்கலாம், இழந்த பதவியை இனித் தர இயலாது என்று பதில் வந்தது. ஒன்று மட்டும் கைகூடியது: இனி அந்தப் பயிற்சி மாதம் ஒரு வாரமாகப் பிரித்து, நம் கட்டடத்திலேயே, பிள்ளைகளுக்கான அறையோடு நடைபெறும். முதல் பட்டியலில், மனைவியை இழந்து மகளைத் தனியே வளர்க்கும் நம் இளைய கள ஆய்வாளர் இருக்கிறார். இதைச் சொன்னதும், “நல்லது. ஒழுங்கா படிக்கச் சொல்லுங்க அவன” என்றீர்கள்.

அன்பின் அக்கா! ‘மன்னிப்பு’ என்ற சொல் பாராட்டு மடலில் வரலாமா என்று எங்களுக்குள் பெரிய வாதம் நடந்தது. வரட்டும் என்றே முடிவானது. மன்னியுங்கள். காலில் வலியின்றி, கண்ணில் ஒளி குன்றாமல், கேட்டதெல்லாம் கிடைக்கும் நாட்களாக உங்கள் நாட்கள் நீளட்டும். மகளும் மகனும் மனநிறைவு தரட்டும். இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தருகிறோம். இதைச் சுவரில் மாட்டச் சொல்லும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை.

தலைதாழ்ந்த வணக்கத்துடன்,
குடும்ப வருமான ஆய்வுப் பிரிவுப் பணியாளர்கள்