மைக் முன்னால் அம்மா

பல்செட் போட்டால் ஈறு புண்ணாவது சகஜம்தான், இன்ஸ்பெக்டர் சார். அம்மாவுக்கும் அப்படி ஆனதுண்டு.

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். ஊரே அவள் குரலைக் கேட்டுத்தான் மூட்டையைத் தூக்கும். அப்பா இல்லாமல் என்னைப் படிக்க வைத்தாள், தன் சம்பாத்தியத்தில் ஒரு வீடும் கட்டினாள். அதை விற்க நான்தான் ஏற்பாடு செய்தேன். ஒண்டிக்கட்டைக்கு அவ்வளவு பெரிய வீடு எதற்கு? என் வீட்டுப் பின்னறையை ஒழித்துக் கொடுத்தேன். வெளியே போய் விழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்று கதவையும் பூட்டினேன். அவளோ, "என் வீட்டுக்குப் போறேன்டா, சாவியக் குடு" என்று ஒரே பல்லவி.

அப்போதுதான் முதியோர் தினத்துக்கு அவளைக் கௌரவிக்க ரயில் நிலையத்தில் கூப்பிட்டார்கள். பழையபடி ஒரு அறிவிப்பு செய்ய வேண்டுமாம். மறுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், ஒப்புக்கொண்டேன்.

"நீ என்னைப் பூட்டி வச்சிருக்கிறத மைக்ல சொல்லிடுவேன். ஊரே கேக்கட்டும்" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அது எனக்கு வலித்தது.

கிளம்பும்போது பல்செட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "ஈறு நோகும்மா, அங்க போய்ப் போட்டுக்கலாம்" என்றேன். நம்பிவிட்டாள்.

மேடையில் கை நீட்டினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். மைக்கில் என்னென்னவோ பேசினாள், காற்றும் எச்சிலும்தான் வந்தன. யாரோ சிரித்தார்கள். அவள் என்னைச் சுட்டிக் காட்டினாள்.

"என்ன சொல்றாங்க?" என்று நிலைய மேலாளர் கேட்டார்.

"பையன் தங்கமாப் பாத்துக்கறான்னு சொல்றாங்க சார்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கே கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்ததும் பல்செட்டைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த அமைதி நன்றாக இருந்தது. நான் சாப்பிட்டதையே அவளுக்கும் வைத்தேன், பேதம் பார்க்கவில்லை. தினமும் தட்டு அப்படியே திரும்பி வந்தது. அடம் பிடிக்கிறாள் என்று விட்டுவிட்டேன். உங்கள் டாக்டர் பட்டினிச் சாவு என்று எழுதியிருக்கிறார். எழுதட்டும். பூட்டியதும் நான்தான், பல்லைப் பிடுங்கிக்கொண்டதும் நான்தான்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். விழா முடிந்து வந்த பிறகு, தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என்னோடு இருக்க அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது.