எல்லாருக்கும் இரண்டாவது

மசால் வடை தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான் மக்கள் உளுந்து வடை கேட்பார்கள். நாவலூர் டீக்கடைகளில் பல வருடம் நின்று பார்த்துச் சொல்கிறேன். உளுந்து வடை மேல் யாருக்கும் வெறுப்பு கிடையாது. தின்று முடித்து, ‘பரவால்லியே’ என்றுகூடச் சொல்வார்கள். நான் அந்த உளுந்து வடை, சார். இதை மட்டும் புரிந்துகொண்டால் மீதியை நீங்களே எழுதிவிடலாம்.

எனக்கு வேலை கிடைத்தது, முதலில் தேர்வான ஆள் பெங்களூருக்குப் போய்விட்டதால். மனைவி ஜோதிலட்சுமி கிடைத்தது, முதலில் பேசிய மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கியதால். இதை விருந்தாளிகளிடம் அவளே சொல்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கேசவனா, தமாஷான ஆள், இளகிய மனசு என்று எனக்குப் பெயர்.

எங்கள் குடியிருப்பு ஒரு சின்ன நகரம். வரிசையாக டவர்கள், உள்ளேயே கடை, கோயில், கிளினிக். சங்கத் தலைவரை மேயர் என்பார்கள். கேலியாக ஆரம்பித்தது, பிறகு கேலி போய்விட்டது, மேயர் மட்டும் நின்றுவிட்டது. ஐ.டி. ஆட்கள் நிறைந்த இடம், சாதாரணமாக ஓட்டுப் போட்டால் அவர்களுக்குச் செரிக்காது. விருப்ப வரிசை முறை கொண்டுவந்தார்கள். நிற்பவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். பாதிக்கு மேல் யாரும் முதலிடம் வாங்காவிட்டால், கடைசி ஆளை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளை அவற்றில் இரண்டாவதாக இருப்பவருக்கு மாற்றுவார்கள். எண்ணுவதற்குள் ஒரு வேட்பாளர் இறந்துபோனாலும் அவருடைய சீட்டுகளுக்கு இதே வழிதான். பொதுக்கூட்டத்தில் விதிகளைப் படித்து விளக்கியவன் நானே. அந்த இடத்தில் நிறுத்தி, ‘யாரும் அவசரப்பட வேண்டாம்’ என்றேன். நல்ல சிரிப்பு.

நின்றவர்கள் மூன்று பேர். காசிநாதன், கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், பராமரிப்புக் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ரெபேக்காள், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேன் விடுகிறவர். பிறகு நான்.

தேர்தல் அசிங்கமாக நடந்தது. ரெபேக்காளின் வேன்கள் பார்க்கிங்கை விழுங்குகின்றன என்றது ஒரு கும்பல். கிழவருக்கு மூக்கோடு மூளையும் போய்விட்டது என்றது இன்னொன்று. கொரோனாவுக்குப் பிறகு காசிநாதனுக்கு வாசனை தெரியாது, அதைத்தான் சொன்னார்கள். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒரே லிஃப்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். என்னை மட்டும் யாரும் திட்டவில்லை. திட்டு வாங்குவதற்கும் ஒரு தகுதி வேண்டும் போலிருக்கிறது. இரு தரப்பும் தோளில் தட்டி, “ரெண்டாவது உனக்குத்தான்” என்றார்கள்.

ஒருநாள் லிஃப்டில் ரெபேக்காள் கேட்டார்:

“இன்னா கேசவன், ஸ்டெப்னி டயரு தனியா ரேசுக்கு வந்துகீது?”

லிஃப்ட் முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

“யாருக்காவது பஞ்சர் ஆனா தெரியும் மேடம்” என்றேன்.

அப்போது அது வெறும் ஜோக்தான். சத்தியமாக.

கணக்கு எளிது. இருவரும் இருந்தால் முதலில் வெளியே போகிறவன் நான். ஒருவர் இல்லாவிட்டால் மேயர் நான். யார் என்பதை நியாயமாகவே யோசித்தேன். ரெபேக்காள் தன் ஆட்களிடம், “ஒண்ணு மட்டும் போடு, மத்தத காலியா வுடு” என்று சொல்லிவைத்திருந்தார். என்னைத் தோளில் தட்டியதெல்லாம் வாய்ப்பேச்சு. அவர் போனால் அந்தச் சீட்டுகள் யாருக்கும் ஆகாமல் கிடக்கும். காசிநாதனின் ஆட்கள் அவரைப் போலவே ஓய்வு பெற்றவர்கள். ரயில் முன்பதிவுத் தாளில்கூட ஒரு கட்டத்தைக் காலியாக விடாதவர்கள். ரெபேக்காளை மூன்றாவதாகத்தான் போடுவார்கள். ஆகவே காசிநாதன். தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை, சார். அவருடைய ஆட்கள் கட்டங்களை முழுசாக நிரப்புகிறவர்கள், அவ்வளவுதான்.

எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் தரைக்குக் கீழே இருக்கிறது. விஷவாயு தேங்கும் இடம். மேலே ஒரு பெரிய ஃபேன் ஓடி, கெட்ட காற்றை இழுத்து வெளியே தள்ள வேண்டும். காசிநாதன் தினமும் காலையில் இறங்கி பம்புகளைப் பார்ப்பார். “எனக்குத்தான் மூக்கு இல்லியே நைனா, இந்த வேலைக்கு நான்தான் கரெக்டு” என்பார். நல்ல ஜோக், என்னுடையதைவிட நல்ல ஜோக் என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். கல்பாக்கத்துப் பழக்கப்படி ஒரு முறை வைத்திருந்தார். கீழே போகிறவர் தானாக எதையும் முடிவு செய்யக் கூடாது. மேலே நிற்பவர் பார்த்து, உரக்கச் சொல்ல வேண்டும். கீழே போகிறவர் அதையே உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் இருவர் காதிலும் ஒரே விஷயம் நிற்குமாம். மேலே நிற்பதற்கு அவரே என்னைப் பழக்கினார். அந்த வேலைக்கும் வேறு யாரும் வராததால்தான்.

சனிக்கிழமை ஓட்டுப்பதிவு முடிந்து பெட்டியைப் பூட்டினார்கள். எண்ணிக்கை மறுநாள் மதியம். சனிக்கிழமை மாலையே நான் ஃபேனை அணைத்தேன். ஞாயிறு காலையில் மின்சாரம் போனது. அது என் ஏற்பாடு இல்லை. பக்கத்திலேயே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்ததால் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று காதுக்குத் தெரியாது. காசிநாதன் இட்லியை முடித்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“இன்னா நைனா, இன்னிக்கு யாரு மேயரு?”

“நீங்க கீழ போய்ட்டு வாங்க அண்ணாத்த, பாத்துக்கலாம்.”

சிரித்தார். கதவைத் திறந்து, முறைப்படி நின்றார்.

“ஃபேன் ஓடுது!” என்று கத்தினேன்.

“ஃபேன் ஓடுது!” என்று திருப்பிக் கத்திவிட்டு இறங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. “கேசவா” என்றார். ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே சன்னமாகத்தான் கேட்டது. கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் முறை.

“கேசவா” என்றேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. ஃபேனைப் போட்டுவிட்டு உதவிக்குக் கத்தினேன். காவலாளி மணி ஓடிவந்து இறங்கப் பார்த்தான். நான் அவனைக் கட்டிப் பிடித்துத் தடுத்தேன். சின்னக் குழந்தை இருக்கிற பையன். இறங்கியிருந்தால் அவனும் போயிருப்பான். என்னை இளகிய மனசு என்று சும்மா சொல்வதில்லை. நாங்கள் கத்தியபோதே அவன் ஃபேன் அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்கிறீர்கள். அவன் மேல் வருத்தமில்லை.

எண்ணிக்கையைத் தள்ளிவைத்தார்கள். காரியம் முடிந்த பிறகு கிளப் ஹவுஸில் கூடினோம். ரெபேக்காள் மேசையைத் தட்டினார்.

“செத்த மனுஷன் ஓட்டுல இவரு மேயரா? இன்னாய்யா நியாயம்? வேற எலெக்ஷன் வை!”

“விதி விதிதான் மேடம். காசிநாதன் சாரே அதத்தான் சொல்லியிருப்பாரு” என்றார் ஓய்வு பெற்றவர்களில் ஒருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கட்டம் நிரப்புகிறவர்கள் என்றேனே, சார். நான் எதிர்பார்த்தபடியே இருந்தார்கள்.

சீட்டுகளைப் பிரித்தார்கள். காசிநாதனின் அடுக்கு அப்படியே என் பக்கம் நகர்ந்து வந்தது. மாலை போட்டார்கள். ரெபேக்காள் கையெழுத்துப் போடாமலே எழுந்து போனார். மேயராக முதல் வேலை, காசிநாதனுக்கு இரங்கல் கூட்டம் நடத்தினேன். மூக்கு ஜோக்கைச் சொன்னேன். சிரித்தார்கள், அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

ஒரு விஷயம்தான் நெருடுகிறது. முதல் சுற்றிலேயே என் அடுக்கில் விழுந்த இரண்டே சீட்டுகளில் ஒன்று, கட்டங்களுக்குக் கீழே இருந்த காலியிடம் முழுக்கக் குறுக்குக் கோடு போட்டு மூடப்பட்டிருந்தது. பிறகு யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி. அந்தக் கல்பாக்கத்துப் பழக்கம் எங்கள் குடியிருப்பில் காசிநாதன் ஒருவருக்குத்தான் உண்டு. அதில் ஒன்று என்ற எண் என் பெயருக்கு நேரே இருந்தது. இரண்டு, காசிநாதனுக்கு. தன் பெயருக்குத் தானே முதலிடம் போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்டிருப்பார். மற்ற சீட்டு என்னுடையது. நான் கூச்சப்படவில்லை, எனக்கு ஒன்று போட்டு, மரியாதைக்காக அவருக்கு இரண்டு போட்டிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடத்தில் என்னை முதலில் வைத்த ஒரே மனிதர். அதை அன்று இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தபோதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஃபேனைப் போட்டிருப்பேனா, மாட்டேனா? மனசுக்குள் வைத்துக்கொண்டே கீழே இறங்கினார். அதனால் நடந்ததுதான் எல்லாம்.

ஆமாம், ஃபேனை அணைத்தவன் நான். ஓடுகிறது என்று சொன்னவனும் நான். மறுக்கவில்லை. ஆனால் காரணமானவர் யார் என்று எழுதும் இடத்தில், நியாயமாக, முதலில் காசிநாதன் பெயரைப் போடுங்கள் சார். என்னை இரண்டாவதாகப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பழக்கம்தான்.