கரண்டி பிடித்த சித்தாள்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் காலை பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்பது மடியிலிருந்த சும்மாட்டுத் துணியிலேயே தெரிந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"தூக்குக்குண்டுக்கு ஆம்பள பொம்பள தெரியாதுக்கா."

"என்னடி ஆச்சு?"

"நேத்து கொத்தனார் வரல. பாத்ரூம் சுவத்த நானே கட்டிட்டேன். சாயங்காலம் மேஸ்திரி குண்டு விட்டுப் பாத்தாரு. ஒரு நூல்கூட சாயலயே, யாரு கட்டுனதுன்னாரு."

"சொன்னியா?"

"சொல்லாம? நான்தான்னேன். மூஞ்சியே மாறிடுச்சு. சித்தாளு கல்லு சொமந்தா போதும்னாரு."

"பன்னெண்டு வருஷமா சொமக்கிறியேடி."

"அதத்தான் சொல்லி, இனிமே கொத்தனார் வேல குடுங்கன்னு கேட்டேன். 'உன்ன மாதிரி கலவை போட ஆளே இல்ல'ன்னு பழைய பாட்டையே பாடுனாரு. நான் அசையல. அப்ப அந்தச் சுவத்த நீயே இடிச்சிடுன்னாரு."

"ஐயையோ, இடிச்சிட்டியா?"

அவர் பையைத் திறந்து காட்டினார். சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கொத்தனார்கள் வைத்திருக்கும் கரண்டி, புத்தம் புதிதாக.

"எனக்குக் கட்டத்தான் தெரியும், இடிக்க வேற ஆளப் பாருங்கன்னேன்."