தண்ணீர்ப் பயிற்சி

டீ வேண்டாம், மேடம். காலையில் ஒன்று, அத்தோடு சரி. அதற்குமேல் நாக்கு எவ்வளவு கெஞ்சினாலும் நான் கொடுப்பதில்லை. பரவாயில்லை, மேஜையிலேயே இருக்கட்டும். ஆவி பறக்க ஒன்று எதிரே இருக்க, அதைத் தொடாமல் பேசுவதுதான் என் தொழில்.

மனக்கட்டுப்பாட்டுப் பயிற்சி வகுப்பு. உங்கள் போலீஸ் துறையிலிருந்தும் ஒருவர் சிகரெட்டை விடவேண்டும் என்று வந்தார். விட்டுவிட்டார், வகுப்பை. சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: 'ஆசையின் கண்ணைப் பார்.' இனிப்புப் பைத்தியத்தின் முன்னால் கேக்கை வைப்பேன். போனை விட முடியாதவர் மடியிலேயே போனை வைப்பேன். மனம் ஒரு தசை, மேடம். எடை கூட்டக் கூட்டத்தான் முறுக்கேறும்.

மச்சினனைப் பற்றித்தானே கேட்டீர்கள், சொல்கிறேன். என் மனைவியின் தம்பி. இரண்டு சிறுநீரகமும் கைவிரித்த பிறகு, ஆஸ்பத்திரி பக்கம் என்று எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தான். டயாலிசிஸ் நடக்கும் நாளில் மட்டும் இயந்திரம் உடம்பில் தேங்கிய நீரை எடுக்கும். மற்ற நாளில் குடிப்பதெல்லாம் உள்ளேயே தங்கும். ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான், மீறினால் நுரையீரலில் ஏறிவிடும் என்று நர்ஸ் சொன்னார். மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்காது.

வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு மாணவன் வாய்த்ததில் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஆனால் அவன் செய்ததெல்லாம் திருட்டு வேலை. சமையலறைப் பக்கமே தலைகாட்ட மாட்டான். என் மகள் சின்னதில் விளையாடிய பொம்மைக் கோப்பையைத் தேடி எடுத்து, அதில்தான் குடிப்பான். ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வான். டிவியில் அருவி வந்தால் சேனலை மாற்றிவிடுவான்.

"என்னடா இது, எதிரி மூஞ்சியப் பாக்காமலே சண்டையா?" என்றேன்.

"எதிரி கண்ணுலயே படலைன்னா சண்டையே இல்லையே அத்தான். சும்மா உக்காந்தே ஜெயிக்கிறேன்."

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்க அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஒரு நாள் அவனை வகுப்புக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் ஆசையையே அடக்கும் மனிதன் என்று அறிமுகப்படுத்தினேன். அவன் எழுந்து, "நான் எதையும் அடக்கல. அந்தப் பக்கமே போறதில்ல, அவ்வளவுதான்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து பொம்மைக் கோப்பையை எடுத்துக் காட்டினான். கைதட்டல் ஓயவில்லை. பிறகு என் வகுப்புக்கு நாற்காலிகள் மட்டும் ஒழுங்காக வந்தன. வீட்டு வாசலில் ஓர் அம்மாள், "சார் இருக்காரா?" என்றார். நான்தான் என்றேன். "நீங்க இல்ல, மாடியில இருக்கிற சார்" என்றார்.

இதில் எனக்குக் கோபம் இல்லை. தவறான முறை பரவுகிறதே என்ற கவலைதான்.

அதனால் முறைப்படி பயிற்சியைத் தொடங்கினேன். பொம்மைக் கோப்பை காணாமல் போனது. அவன் கட்டில் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி நிறையக் குளிர்ந்த தண்ணீர் வைத்தேன். மனைவி வேலைக்குப் போகும் நாட்களில் அவனுக்குச் சாப்பாடு போடுவது நான்தான். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். எடை கூட்டுவது என்று முன்பே சொன்னேன் அல்லவா, அதுதான்.

உதடு வெடித்தது. குரல் கம்மியது. ஆனாலும் ஜாடியில் தண்ணீர் குறையவே இல்லை. ஒரு நாள் மாடிக்குப் போனால் ஜாடிமேல் போர்வை.

"உங்க ஜாடிக்குத் தூக்கம் வந்துடுச்சு அத்தான். போத்தி விட்டேன்."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. இவன் இதுவரை சோதனைக்குள்ளேயே வரவில்லை. வேண்டாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நடப்பது கட்டுப்பாடா, மேடம்? அது கீழ்ப்படிதல். வேலி இல்லாதபோது நிற்கிறானா என்று பார்க்கவேண்டும்.

அடுத்த டயாலிசிஸுக்கு நாள் இருந்தது. மனைவி அலுவலகத்தில். நான் மாடிக்குப் போய், "டாக்டர் போன் பண்ணாருடா. ரிப்போர்ட் நல்லா வந்திருக்காம். இன்னிக்கு ஆசை தீரக் குடிக்கலாமாம்" என்றேன்.

"நிஜமாவா அத்தான்?"

"நான் உங்கிட்ட என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

அது உண்மை. அதுவரை சொன்னதில்லை.

போர்வையை எடுத்தான். ஜாடியை இரண்டு கையாலும் தூக்கினான். முழங்கை வழியே வழிய வழியக் குடித்தான். காலியானதும் நானே கீழே போய் நிரப்பிக்கொண்டு வந்தேன், பிறகு இன்னொரு தடவையும். நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "இத்தனை நாளா உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் அத்தான்" என்றான்.

சாயங்காலம் படுக்க முடியாமல் உட்கார்ந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுத்துத்தான் கூப்பிட்டேன், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. பதறுவது என் வழக்கம் இல்லை.

டாக்டர் போன் எதுவும் பண்ணவில்லை. அதைத்தான் நீங்கள் காலையிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். நேராகவே கேட்டிருக்கலாம். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனால் நான் யார் வாயிலும் ஊற்றவில்லை. ஜாடியைத் தூக்கியது அவன் கை. குடிக்கலாம் என்று ஒருவர் சொன்னதும் யோசிக்காமல் குடிக்கிறவனுக்குக் கட்டுப்பாடு இருந்தது என்று எப்படிச் சொல்வது? நான் நிரூபிக்க நினைத்தது அவ்வளவுதான், நிரூபணமும் ஆகிவிட்டது.

என்ன பார்க்கிறீர்கள்? டீயா? ஆமாம், காலிதான். நீங்கள்தானே குடியுங்கள் என்று சொன்னீர்கள். அது வேறு.