ஆறாம் கட்டிலிலிருந்து போனவள்

என் பெயர் லோரீனா ஸ்டிடம். வயது 43. கென்டக்கி மாநிலம், டார்வாட்டர் கவுண்டி, லாரல் ஃபோர்க் சாலை 218ஆம் எண் வீட்டில் என் தங்கையுடன் வசிக்கிறேன். முதியோர் இல்லச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தேன். உரிமம் ரத்தான பிறகும் கார் ஓட்டியதற்காகக் கவுண்டி சிறையில் இருந்து, கடந்த செவ்வாய்க்கிழமை விடுதலையானேன். டான்சி கேபர்ட் என்ற பெண் மீது, சிறையிலிருந்து தப்பியோடியதாக வழக்குப் பதியலாமா என்று விசாரணை நடப்பதைக் கேள்விப்பட்டு, யாரும் அழைக்காமல் இன்று நானாகவே வந்து அதிகாரி ராய்ஸ் டெட்டன் முன் இதைச் சொல்கிறேன்.

நான் இருந்தது பெண்களுக்கான டி பிரிவு. கட்டில்கள் பதினாறு, நாங்கள் முப்பத்தொரு பேர். கட்டில் இல்லாதவர்கள் தரையில் பிளாஸ்டிக் தொட்டி போன்ற ஒன்றில் படுப்பார்கள். அதைப் படகு என்போம். புதிதாக வருகிறவளுக்குக் கழிப்பறையை ஒட்டிய படகு. ஒருத்தி போனால் மற்றவர்கள் ஒவ்வோர் இடமாக முன்னேறுவார்கள். முப்பத்துநான்கு நாள் படகில் படுத்த பிறகு எனக்கு ஆறாம் கட்டில் கிடைத்தது. காவலரின் பட்டியலில் பெயருக்கு நேராகக் கட்டில் எண் ஏறிவிட்டால் அனுமதியில்லாமல் இடம் மாறக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை டான்சி வந்தாள். வயது 22, ஏழு மாதக் கர்ப்பம். அவள் அளவுக்குச் சிறை உடை இல்லாததால் தன் சொந்த கவுனிலேயே இருந்தாள். மறுநாள் காலை கழிப்பறைத் தண்ணீர் பொங்கி அவளுடைய போர்வை நனைந்தது. படகிலிருந்து அவளை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான் என் கட்டிலைக் கொடுத்தேன்.

"வேணாங்க்கா, முப்பத்தி நாலு நாள் காத்திருந்தீங்களாமே," என்றாள்.

"ஏறிப் படுடி. உன்னைத் தூக்கித் தூக்கி எங்க இடுப்பு போச்சு," என்றேன்.

காவலரிடம் சொன்னால் அவளைத் திரும்பப் படகுக்கு அனுப்புவார்கள் என்று நினைத்துச் சொல்லவில்லை. அந்தத் தவறு என்னுடையது, அவளுடையது அல்ல.

அதன் பிறகு செவ்வாய் காலை பத்தரை மணிக்கு ஒலிபெருக்கியில், "ஆறாம் கட்டில், மூட்டையைக் கட்டு," என்றார்கள். விடுதலைக்கு அப்படித்தான் அழைப்பார்கள், பெயர் சொல்வதில்லை. எனக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. நன்னடத்தைக்காக அதைக் கழித்திருந்தது எனக்குத் தெரியாது. இந்த வாரம் ஜாமீன் கிடைக்கலாம் என்று டான்சியின் வக்கீல் சொல்லியிருந்ததால், அழைப்பு தனக்குத்தான் என்று அவள் நினைத்தாள். நான் அப்போது தலையில் சோப்போடு குளித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல எல்லோரும் மேசையைத் தட்டி வழியனுப்பினார்கள். நானும் தகரத் தடுப்பைத் தட்டி, "போய்ட்டு வராதேடி!" என்று கத்தினேன். என் விடுதலையைத்தான் வழியனுப்புகிறேன் என்று தெரியாது.

அதன் பிறகு பதினொரு மணிக்குத் தலை எண்ணினார்கள். முப்பத்தொன்றில் ஒருத்தி போக முப்பது பேர். எண்ணிக்கை பொருந்தியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இனி வருவது, அன்று மதியம் சிறையின் முன்னறைப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து டான்சி சொன்னது. வெளியே வந்தவளிடம் விடுதலைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உடைமைகள் இருந்த முத்திரையிட்ட பையைக் கொடுத்தார்கள். அவள் தாளைப் படிக்கவில்லை. யாரும் புகைப்படத்தை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எதிரே பெட்ரோல் பங்க்கில் லெக்சிங்டன் போகும் லாரிக்காரர் ஒருவர் அவளை ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். போன் எடுக்கப் பையைப் பிரித்தபோது, உள்ளே என் படிக்கும் கண்ணாடியும் ராணுவ உடையில் என் மகன் படமும் இருந்தன. அதன் பிறகு அவள் லாரிக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சிறை ஜன்னலுக்கு நடந்து வந்தாள்.

ஜன்னலில் இருந்த பெண், "பாக்க வர்ற நாள் சனிக்கிழமை கண்ணு," என்றாராம்.

"பாக்க வரலைங்க. உள்ள வரணும்."

"அடையாள அட்டை இருக்கா?"

"அதுவும் உள்ளதாங்க இருக்கு."

"எனக்கு வேற வேலை இல்லன்னு நெனச்சியா? வரிசைல நில்லு."

அவள் வெளியே இருந்தது அரை மணி நேரம். உள்ளே வர வரிசையில் நின்றது ஐம்பது நிமிடம். சாப்பாட்டுக்குப் போயிருந்த காவலர் வெர்னெல் திரும்பி வந்தபோதுதான் அவளை அடையாளம் கண்டார். அதன் பிறகு என்னை வரவழைத்தார்கள்.

"லாரில ஏறியிருக்கலாமேடி," என்று கேட்டேன்.

"நான் ஏறிட்டா நீங்க உள்ளயே கெடப்பீங்களேக்கா," என்றாள்.

அதன் பிறகு நான் வெளியே வந்தேன், அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். இந்த முறை காவலர் வெர்னெல் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக ஆறாம் கட்டில் என்று எழுதியதை நான் பார்த்தேன்.

இப்போது அதிகாரி டெட்டன் விடுதலைத் தாளைக் காட்டி, அதில் உள்ள கையெழுத்து யாருடையது என்று கேட்டார். மேலே என் பெயர் அச்சாகியிருக்கிறது. கீழே பள்ளிப்பிள்ளை எழுத்தில், முழுதாக, டான்சி மே கேபர்ட் என்று இருக்கிறது. அது என் கையெழுத்து அல்ல என்றேன். அதிகாரி தாளைத் திருப்பித் தானும் படித்தார்.

"ஓடிப்போக நெனச்சவ உங்க பேரையில்ல போட்டிருப்பா," என்றார்.

அதையும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

கட்டில் மாற்றியதற்கு எனக்கு என்ன தண்டனை உண்டோ அதை ஏற்கிறேன். எழுதியதை முழுதும் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அனைத்தும் உண்மை, யாருடைய வற்புறுத்தலும் இல்லை.

(ஒப்பம்) லோரீனா ஸ்டிடம்