மூடிய கிணற்றின் நீர்மட்டம்

மானாம்பதி பேருந்தில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே கம்பெனி போலிருக்கிறது. இளையவளின் மடியில் லேப்டாப்.

"கிணத்த மூடின அப்பறமும் தண்ணி ஏறுதுன்னு இந்த புரோகிராம் சொல்லுதுக்கா," என்றாள். நான் ஜன்னலை மறந்துவிட்டேன்.

"கேஷ் பண்ற வேலடி. ஒவ்வொரு வாட்டியும் தண்ணி மட்டம் பாக்கற சென்சார்கிட்ட கேக்காது. முன்ன கேட்டத நகல் வெச்சிக்கினு அதையே சொல்லும். அத எப்டி நிறுத்தறதுன்னுதான நீ சென்சார் டிரைவர் புரோகிராம் எழுதறவங்களுக்கு டாக்குமென்ட் எழுதிக்கினு கீற?"

"ஆமா. நிறுத்தலன்னா இன்னா ஆவும்னு காட்ட, வேணும்னே நிறுத்தாம வுட்டேன். எங்க கிணத்து சென்சார வெச்சித்தான் டெஸ்ட். சென்சார் நம்பர லேப்டாப்புக்கு அனுப்பற போர்டு வூட்ல கீது, அத ஆஃப் பண்ணவே இல்ல."

"சென்சாரு?"

"கிணத்து மேல சிலாப் போடறதுக்கு முன்னயே கயட்டிட்டேன்." காலடியிலிருந்த பையைத் தொட்டாள். "இதுல கீது."

"அப்போ சரிதான். கடைசியா படிச்ச நம்பர் அப்டியே நிக்கும். அதையே உதாரணமா போடு."

"நிக்கலக்கா. காத்தால தண்ணி அடியில இருந்துது. இப்ப சிலாப் மட்டத்துக்கு வந்துடிச்சி."

மூத்தவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சிலாப் மேல இன்னா கீது?"

"தகர ஷெட்டு. நைனா அங்கதான் படுப்பாரு."

"போன் போடு."

ஸ்பீக்கரில் தூக்கக் குரல் கேட்டது.

"இன்னாம்மா? யாரு தண்ணி ஊத்தனது? பாயெல்லாம் நனஞ்சி கீது."