கூடுதலாக ஒரு ஆள்

குஷாய்குடாவிலிருந்து வந்த பஸ்ஸில், என் முன் சீட்டில் ஓர் இளம்பெண் போனில் ஹாஸ்டல் சாப்பாட்டைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும், பக்கத்தில் இருந்த அறுபது வயது அம்மா, "நீ சாப்பிட வந்தா எனக்கு லாபம்மா" என்றார்.

"லாபமா? எப்படி ஆன்ட்டி?"

"ஃபேக்டரியில செலவுக் கணக்குப் போடற காஸ்டிங் செக்‌ஷன்ல இருந்து ரிடையர் ஆனவ நான். இப்ப வீட்டுல ஒருத்திதான். ஒருத்திக்குச் சமைச்சாலும் அதே கேஸ், அதே தாளிப்பு. நீ வந்தா கூடுறது ஒரு பிடி அரிசிதான். தலைக்குச் செலவு பாதியாயிடும்."

பெண் சிரித்தாள். "எதுக்கு ஆன்ட்டி உங்களுக்குச் சிரமம்? ஹாஸ்டல்ல மாசத்துக்கு மொத்தமா கட்டிட்டேன். சாப்பிடலைன்னா வேஸ்ட்."

"கட்டினது போனதுதான், திரும்பி வராது. அதை வச்சு முடிவெடுக்கக் கூடாது. இனிமே எது நல்லதுன்னு மட்டும்தான் பார்க்கணும். எங்க வீட்டுக்காரர் போனப்புறம் எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கறேன்."

பெண் போனைப் பைக்குள் வைத்தாள். "அப்போ ஞாயித்துக்கிழமை வரேன் ஆன்ட்டி."

"வத்தக்குழம்பு சாப்பிடுவியா? அப்பளம் பொரிக்கிறேன்."

"சாப்பிடுவேன்."

தார்நாகா ஸ்டாப் வந்ததும் பெண் கையசைத்துவிட்டு இறங்கினாள். பஸ் நகர்ந்த பிறகுதான் அந்த அம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "வீடு எங்கேன்னு நீ கேக்கவே இல்லையே!" என்று சத்தமாகச் சொன்னார்.

அதற்குள் அவள் ரோட்டைக் கடந்துவிட்டாள்.